சாமிக் கயிறும் தும்பு முடியும்

எங்கள் நாயைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் மிதியடி என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பிக் கலரில் தென்னந்தும்பு மாதிரி சொரசொரப்பான முடி. எவ்வளவு மழையில் நனைந்தாலும் ஒரு உதறு உதறினால் போதும், உள்ளே தோல் காய்ந்தே இருக்கும். அட்டைகூட அதற்குள் நுழையாது. "ஒங்க வீட்டு மிதியடி மலைக்குப் போகுது பாருங்கக்கா, கால் தொடைக்க ஆள் தேடுது" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி சிரிப்பாள்.

வெள்ளைக்காரத் துரைமார் மரை மான் வேட்டைக்காக இந்தச் சாதியைச் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்களாம். துரைமார் போய்விட்டார்கள். நாய்கள் லயத்து நாய்களோடு கலந்துவிட்டன. எப்போதாவது ஒரு ஈற்றில் ஒரு குட்டி இப்படித் தொங்கு காதும் தும்பு முடியுமாகப் பிறக்கும். "நம்மள மாதிரிதான். வேலைக்குக் கூட்டியாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க" என்பார் என் வீட்டுக்காரர்.

மோப்பம் பிடித்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பாது. எங்கள் கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப் பன்றியிடமிருந்து காத்ததே அந்தக் குணம்தான்.

முனியாண்டி கோயில் திருவிழாவில் என் வீட்டுக்காரர் அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார். கயிறு தானாக அறுந்து விழும்வரை அந்தக் கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள்கூடத் தொடவில்லை.

போன மாதம் பன்றியை விரட்டிக்கொண்டு போனது, மறுநாள்தான் வந்தது. பார்வைக்கு ஒரு கீறல் இல்லை. சோறு மட்டும் இறங்கவில்லை. கோயிலில் விளக்குப் போட்டேன், நெற்றியில் திருநீறு பூசினேன். பிறகு வாடை வர ஆரம்பித்தது. ஆட்டோ பிடித்து ஹட்டன் டவுனில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

வைத்தியர் முடியைக் கத்தரித்தார். கயிற்றுக்குக் கீழே, யாரோ பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு சதைக்குள் இறங்கியிருந்தது. சுருக்கோடு அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"இத்தன நாளா யாரும் கழுத்தத் தடவிப் பாக்கலையா?"

"சாமி கயிறுங்க சேர்" என்றார் என் வீட்டுக்காரர்.

வைத்தியர் கம்பியையும் கயிற்றையும் சேர்த்தே வெட்டினார். "சீழ் உள்ளுக்குப் போயிருச்சு. மருந்து தாரேன், இனி வீட்டுல வச்சுப் பாருங்க" என்றார்.

இப்போது அடுப்படியில் சாக்கின்மேல் கிடக்கிறது. மருந்தைக் கஞ்சியில் கலந்து வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வெட்டின கயிற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். முதலில் பிழைக்க வேண்டும் என்று கும்பிட்டேன். இப்போது வலிக்காமல் போகட்டும் என்று மட்டும் கும்பிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் பன்றி படுக்கும் மானாப்புல் காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது. மூக்கு மட்டும் அசைந்தது, தலை எழவில்லை.

"இருடா, பன்னி எங்கயும் போயிராது" என்றார் அவர்.

காலையில் பார்த்தால் கிழங்குப் பாத்தி முழுக்கக் கிளறிக் கிடந்தது. அவர் மண்ணை இழுத்து மூடக்கூட இல்லை.