இருபத்து நான்கு சத்தம், அறுபத்தொரு அழுத்தம்

காது சோதிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் காதைவிடத் தாளில் பதிவான எண்ணை அதிகம் நம்புவார்கள். புது லைப்ரரிக்கு மாறிய அன்று பாளையங்கோட்டையில் எங்கள் சோதனை நிலையத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: டாக்டரம்மா, நிரல் எழுதும் ரோசிலின், டோக்கன் கொடுக்கும் இசக்கியம்மா, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் நான்.

இந்த லைப்ரரி புத்தகம் இருக்கும் இடம் இல்லை. திரையில் சன்னலைத் திறப்பதும், யாராவது பொத்தானை அமுக்கினால் அதை நிரலுக்குச் சொல்வதும் இதன் வேலை. பழையது புதுக் கணிப்பொறியில் ஓடவில்லை. மாற்றினோம். நீங்களும் இப்படி எதையாவது மாற்றியவர் என்றால், மேற்கொண்டு நடந்தது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

நாற்பதும் சரி

நான் எட்டாம் வகுப்பு வரைதான். நிரல் வாசிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கினேன். நாற்பது சத்தம், நாற்பது அழுத்தம். ஏட்டில் குறித்துக் கையெழுத்தும் வைத்தேன்.

ரோசிலின் கடற்கரை ஊர்ப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி கையெழுத்து போட்டாச்சுல்லா, இனி தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுத் தர்ற அந்தோணியாரே வந்தாலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது."

பச்சை வட்டம்

முதல் நாள் வந்த ஒன்பது பேருக்கும் தாளின்படி காது துல்லியமாகக் கேட்டது. அவர்களில் ஏழு பேர் காதுக் கருவி வேண்டும் என்று வந்தவர்கள். எனக்கு இடித்தது. பத்தாவது ஆள் களக்காட்டு வாழை விவசாயி. பைய அவர் பின்னால் போய் நின்றேன்.

டாக்டரம்மா பக்கம் மட்டும் திறக்கவேண்டிய சன்னல், சின்னப் பிள்ளைகளுக்குப் படம் காட்ட வைத்திருந்த திரையிலும் திறந்திருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அதில் பச்சை வட்டம் எரிந்தது. அதை ஏன் பார்க்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டேன்; அவர் காதில் விழவில்லை. கையால் காட்டிக் கேட்டேன். "வெளக்கு எரிஞ்சா அமுக்கணும்னுல்லா நெனச்சேன் வே. இதுக்குக் காது எதுக்கு?" என்றார்.

அறுபத்தொன்று

அதைச் சரிசெய்த மறுவாரம் மாரியப்பன் வந்தார். மாஞ்சோலையில் தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவாத்து வெட்டியவர். தோட்டத்தை மூடியதும் மலையிலிருந்து இறங்கிக் கல்லிடைக்குறிச்சியில் வாடகைக்கு இருந்தார். அங்கே ஓர் அரிசி மில்லில் காவல் வேலை தயார். காது கேட்கும் என்று சனிக்கிழமைக்குள் சான்றிதழ் கொடுக்கவேண்டும்.

ஹெட்போனில் போன சத்தம் இருபத்து நான்கு. பதிவான அழுத்தம் அறுபத்தொன்று. கேட்காததற்கும் அமுக்கியிருக்கிறார் என்று டாக்டரம்மா சான்றிதழை மறுத்துவிட்டார். கத்தி பிடித்துக் காய்த்த அவர் கட்டைவிரல், பொத்தானைச் சட்டென்று விடாமல் அதன்மேலேயே கிடந்ததை நான் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. என் ஏட்டில் நாற்பதும் சரியாக இருந்ததே.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்: "கேட்டதுக்குத்தான் அமுக்குனேன் அண்ணாச்சி. கேக்காததுக்கு அமுக்க எனக்கென்ன கிறுக்கா?"

விரலை எடுக்காமல்

திங்கட்கிழமை காலை, யாரும் வருமுன் நானே பொத்தானை அமுக்கி, விரலை எடுக்காமல் 'ஒன்று' என்று சொல்லிவிட்டு எடுத்தேன். மூன்று பதிவானது. இன்னும் கொஞ்சம் வைத்திருந்தேன். என்னால் எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

பழைய லைப்ரரி ஓர் அழுத்தத்தை ஒரே முறைதான் சொல்லும். புதியது விரல் எடுக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். வருவது புது அழுத்தமா, எடுக்காத விரலா என்று பிரித்துப் பார்க்க நாங்கள் மறந்திருந்தோம். நான் சட்டுச்சட்டென்று விரலை எடுத்ததால்தான் அன்று நாற்பதும் சரியாக வந்தது. ரோசிலின் ஒரே வரி எழுதிச் சரிசெய்தார். நான் விரலைப் பார்த்தும் பேசாமல் இருந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன். மாரியப்பனின் தாளை எடுத்து மேசைமேல் வைத்துச் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. நானும் அவர் கையப் பாத்திருக்கலாம்."

ஐம்பத்து மூன்று பேர்

மாற்றிய நாள்முதல் சோதித்த ஐம்பத்து மூன்று பேருக்கும் இசக்கியம்மா போன் செய்தார். ஐம்பத்திரண்டு பேர் வந்து மறுபடி சோதித்துக்கொண்டார்கள். மாரியப்பனுக்குப் போட்ட போனை அவர் மகள் எடுத்தாள். "மில்லுல வேற ஆளப் போட்டுட்டாவ. அப்பா வேல தேடி திருப்பூருக்குப் போயிட்டாவ. அங்கன காது கேக்குமான்னு யாருமே கேக்கலயாம்."

எண்ணுவதில் தப்பாத நான் ஒரு வார்த்தை சொல்லத் தவறியதால், மறுசோதனைத் தாள்களில் எழுதப்படாமல் மிச்சம் இருப்பது ஒன்று.