ஃபயர் டீம் நாகவல்லி

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நாகவல்லியும் நானும் பக்கத்துப் பக்கத்து மிஷின். அவள் காலர் வைப்பாள், நான் கை ஏற்றுவேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த இடத்தின் நாற்றம்தான் முதலில் மூக்கில் ஏறுகிறது. மிஷின் எண்ணெய், பஞ்சுத் தூசி, தண்ணீர் வராத கக்கூஸ். சாயங்காலம் எங்களை வாசலில் வரிசையாக நிறுத்தி, டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, இடுப்பைத் தடவித் தேடிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். நூல்கண்டைத் திருடிக்கொண்டு போய் நாங்கள் மாடி வீடு கட்டிவிடுவோமாம். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

நாகவல்லிக்கு ஊர் கோவில்பதாகை. அவள் தாத்தாவும் அப்பாவும் பருத்திப்பட்டு ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு உழுதவர்கள். வயலெல்லாம் மனையான பிறகு அப்பா எஸ்டேட்டுக்கு லோடு இறக்க வந்தார். மகள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் பழகினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு கொழந்த கீதே" என்பாள். தங்கை சாமுண்டீஸ்வரியைச் சொல்கிறாள். சின்ன வயதில் போலியோ வந்து சாமுண்டிக்கு வலது கால் சூம்பிப் போய்விட்டது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். அவளையும் நாகவல்லி எங்கள் கம்பெனியிலேயே, பட்டன் வைக்கும் கடைசி வரிசையில் சேர்த்துவிட்டிருந்தாள்.

நாங்கள் வேலை செய்த ஹால் முதல் மாடியில் இருந்தது. முன்பக்கம் இரண்டு பேர் ஒன்றாக இறங்கினால் தோள் இடிக்கிற படிக்கட்டு. பின்பக்கம், சாமுண்டியின் ஸ்டூலுக்குப் பின்னால், ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் வெளியே இரும்புப் படி. ஆனால் அந்தக் கதவில் எந்நேரமும் பூட்டு தொங்கும். அந்த வழியாகச் சட்டை பண்டலைக் கீழே தள்ளிவிடுவோம் என்று மேனேஜர் பால்ராஜுக்குப் பயம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் இஸ்திரி டேபிளின் ஒயர் கருகி, ஹால் முழுக்கப் புகை சூழ்ந்தது. அத்தனை பேரும் அந்த ஒற்றைப் படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கினோம். தள்ளுமுள்ளில் நாகவல்லியும் கீழே வந்துவிட்டாள். திரும்பி ஏற முடியவில்லை. "என் தங்கச்சி மேல கீறாடி, வழி வுடுங்கடி" என்று கத்தினாள். யார் விட்டார்கள்? கூட்டம் வடிந்த பிறகு ஏறிப் போனால், சாமுண்டி அதே ஸ்டூலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்ததால் பிழைத்தாள்.

"எந்திரிச்சி இன்னாக்கா பண்றது? நடுவுல வுழுந்தா மிதிச்சிகினு போய்டுவாங்கோ" என்றாள்.

மறுநாளே நாகவல்லி பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டாள். பால்ராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வருஷம் எங்கள் சட்டையை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. நெருப்புப் பிடித்தால் சமாளிக்கப் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் இருக்க வேண்டும், தங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். பால்ராஜ் ஹாலைச் சுற்றிவந்து 'ஃபயர் டீம்' என்று ஆள் பொறுக்கினான். தைரியசாலியையா பொறுக்கினான்? போட்டோவுக்கு லட்சணமாக நிற்கிறவளைப் பொறுக்கினான். நாகவல்லி கறுப்பு, முன்பல் கொஞ்சம் தூக்கல். அவள் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவளே எழுந்து போய் நின்றாள்.

"சரி, நீ பின்னால நில்லு" என்றான்.

கரையான்சாவடியிலிருந்து பஷீருதீன் என்பவர் பயிற்சி கொடுக்க வந்தார். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளுக்கொரு சிவப்புத் தொப்பி கொடுத்து, நெருப்பணைக்கும் சிவப்பு சிலிண்டரின் பின்னை எப்படி உருவுவது, குழாயை எங்கே காட்டுவது என்று விளக்கினார். நாகவல்லி, "ஒருவாட்டி அடிச்சிப் பாக்கட்டுமா பாய்?" என்றாள். பால்ராஜ் பதறிப் போனான்.

"அடிச்சிட்டா திரும்ப ரொப்பணும். அதெல்லாம் வேணாம், வாயால செய்ங்க."

அப்படித்தான் நடந்தது. தொப்பி போட்ட பெண்கள் வெறும் மூலையைப் பார்த்துக் குழாயை நீட்டிக்கொண்டு வாயால் "புஸ்ஸ், புஸ்ஸ்" என்று ஊதினார்கள். சூப்பர்வைசர்கள் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். அப்புறம் மணல் வாளி. கையால் அள்ளி வீசுங்கள் என்றார் பாய். நாகவல்லி கையை விட்டாள். வெளியே எடுத்தபோது விரல் இடுக்கெல்லாம் வெற்றிலை எச்சில், பீடித் துண்டு, காய்ந்த சளி. சிரித்துக்கொண்டு நின்றார்களே, அந்த மகராசன்கள் வருஷக்கணக்காகத் துப்பியது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, அந்த வாளிகளைக் கீழே தூக்கிப் போய்க் கொட்டி, புது மணல் அள்ளி வந்தாள். உதவிக்கு ஒருத்தரும் போகவில்லை.

முடிக்கும்போது பாய் சொன்னார்: "பெரிய நெருப்ப அணைக்க நாங்க வருவோம்மா. அதுக்குள்ள ஆளுங்கள வெளிய கொண்டாறதுதான் உங்க வேல. கடைசி ஆள் போனப்பறம்தான் நீங்க போணும்."

"பின்னாடி கதவு பூட்டிக் கீதே பாய்?" என்றாள் நாகவல்லி.

பாய் பால்ராஜைப் பார்த்தார். பால்ராஜ் வாட்சைப் பார்த்தான். "அத நீ சார்கிட்டயே கேட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு பாய் பையை எடுத்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. இருந்தும் அந்த நிமிஷம் அவர் மேல் வந்த வெறுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

நாகவல்லி சாரிடம் கேட்டாள். வாராவாரம் கேட்டாள். கடைசியில், வெளிநாட்டுக்காரர் வரும் நாள் நெருங்கியதும், பால்ராஜ் சிவப்பு நாடாவில் ஒரு சாவியைக் கோத்து அவள் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னான். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பூட்டில் போட்டுப் பார்த்தாள். சாவி உள்ளேயே போகவில்லை.

"சார், இந்தச் சாவி சேரல சார்."

"அது சும்மா காட்றதுக்கும்மா. கழுத்துல தொங்கினா போதும்."

இதைச் சொல்லும்போது அவனுக்கு வெட்கம் என்பதே இல்லை. வெட்கம் என்ன, இன்னும் ஒன்று சொன்னான். வருகிறவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எத்தனை சீக்கிரம் ஹால் காலியாகிறது என்று பார்ப்பாராம். அதனால் கடைசி இரண்டு வரிசைக்காரர்கள் முன்கூட்டியே கேன்டீனில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டுமாம். "ஒன் தங்கச்சிக்கு அன்னிக்கு லீவு. ஊட்லயே இருக்கட்டும்" என்றான். நெருப்பும் அன்றைக்கு ஒருநாள் லீவு போடும் என்று நினைத்தானோ என்னவோ.

நாகவல்லி கடைசி வரிசைப் பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். வெளிநாட்டுக்காரர் வந்த அன்றைக்குச் சாமுண்டி வேலைக்கு வந்திருந்தாள். கேன்டீனுக்கு யாரும் போகவில்லை. வெள்ளைக்காரர் கூடவே இருந்ததால் பால்ராஜால் வாயைத் திறக்க முடியவில்லை, முகம் மட்டும் சிவந்தது.

சைரன் ஊதியது. முன்வரிசைக்காரர்கள் படிக்கட்டுக்கு ஓடினோம். நான் படிக்கட்டின் தலைமாட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். கடைசி இரண்டு வரிசையும் எழுந்து பின்கதவுக்குப் போய் நின்றது. நாகவல்லி கழுத்துச் சாவியை எடுத்துப் பூட்டில் வைத்துத் திருப்பினாள். சாவி நுழையாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் திருப்பிக்கொண்டே இருந்தாள். பின்னால் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வெள்ளைக்காரர் அங்கே வந்து, கடிகாரத்தையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பால்ராஜ், "சாவி மாறிப் போச்சு, பயந்துட்டா" என்று இங்கிலீஷில் இளித்தான். சரியான சாவியைத் தேட ஆள் ஓடினான், வரவே இல்லை. அவர் ஏதோ குறித்துக்கொண்டு கிளம்பினார்.

பால்ராஜ் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எங்களுக்கு ஆச்சரியம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். இனிமேல் கதவைத் திறந்துதானே வைக்க வேண்டும்! பஸ் ஸ்டாப்பில் நாகவல்லி எல்லாருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் கதவு இல்லை. அந்த இடத்தில் செங்கல் வைத்து, பூசி, சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். 'வெளியே செல்லும் வழி' என்ற போர்டையும் கழற்றியாகிவிட்டது. சுவரில் ஈரம் காயவில்லை.

"கதவு பூட்டிக் கெடக்குன்னுதானே அவன் எழுதினான்? இப்ப கதவே இல்ல, இன்னா எழுதுவான்?" என்று பால்ராஜ் சிரித்தான். "டீம் எல்லாரும் தொப்பியப் போட்டுகினு இங்க வந்து நில்லுங்க. போட்டோ எடுத்து அனுப்பணும்."

நாகவல்லி காறி அந்தச் சுவரில் துப்பினாள். "த்தூ! நீயெல்லாம் உப்பு போட்டுத்தான் சோறு துன்றியா?" என்று கேட்டுவிட்டுத் தங்கையிடம் போனாள்.

"எந்திரிடி."

"எங்கக்கா போறது?"

"எஸ்டேட்ல வேற கம்பெனியா இல்ல? எந்திரி."

சாமுண்டி எப்போதும் எல்லாரும் போன பிறகுதான் இறங்குவாள். அதனால் அவள் ஹாலைக் கடந்து படியில் இறங்குவதை எங்களில் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தோம். ஒவ்வொரு மிஷினின் விளிம்பையும் பிடித்துப் பிடித்து வந்தாள். காலை எடுத்து வைக்கும் முன் முழங்காலை அமுக்கிக்கொண்டாள். நாகவல்லி அவளைத் தூக்கியிருக்கலாம், தூக்கவில்லை. தங்கைக்குப் பின்னால், அவள் நடக்கிற வேகத்திலேயே நடந்தாள். "வேலையப் பாருங்க" என்று பால்ராஜ் கத்தினான். ஒரு மிஷினும் ஓடவில்லை. நாங்கள் எழுந்து படிக்கட்டின் தலைமாட்டில் வந்து நின்றோம். சாமுண்டி கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி ஒரு படி இறங்கினாள், நின்றாள், மூச்சு வாங்கினாள், அடுத்த படிக்குக் காலைத் தேடினாள். பாதியில் உட்கார்ந்துகூட விட்டாள். பார்த்துக்கொண்டிருந்த பட்டன் வரிசைக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கு நெருப்பு இல்லை. அதனால் சாமுண்டி கீழே போய்ச் சேர்ந்தாள்.