உப்புக்காற்றுக்குக் கம்பி

அப்பாவின் மாண்டலினுக்காக வடசேரிக் கடையில் கம்பி உறையைப் பிரித்ததும் இரும்பு வாசம் வந்தது. எங்கள் கடற்கரை வீட்டில் அது தேங்காயெண்ணெயோடு கலந்தே இருக்கும், உப்புக்காற்றில் துருப்பிடிக்குமென்று, ஞாயிறு பூசைக்கு வாசித்துவிட்டு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் எண்ணெய்த்துணியால் கம்பி கம்பியாகத் துடைக்க, மீன் கழுவியபடியே அம்மா, "எனக்க தலைக்கு எண்ணெ மிச்சம் வைப்பியளா?" என்று கேட்க, பின்சுவரில் அலை மோதிக்கொண்டே இருக்கும்.

"வீடு கடலோரமா?" என்றார் கடைக்காரர். "அப்படின்னா துருப்பிடிக்காத கம்பி எடுங்க. வெல கொஞ்சம் கூடும்."

கண்டக்டரிடம் ஊர்ப்பெயர் சொல்வதுபோலச் சொன்னேன்:

"அந்த வீட்டைக் கடல் எடுத்தாச்சு அண்ணாச்சி. இப்போ மலையடியில, ஆரல்வாய்மொழியில இருக்கேன். சாதா கம்பியே போதும்."