வெண்டி காய்த்தால் இருப்பேன் என்றார் அக்கா

எங்கள் அக்காவின் முதலாவது ஆண்டு நினைவுக்காகக் கூடியிருக்கும் உறவினருக்கும் அயலவருக்கும், அவரது தம்பியாகிய நான் எழுதுவது.

அக்கா பிறந்தது மலையகத்தில், குளிர் மிகுந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். லயத்தின் பின்னால் அம்மா கோவா, லீக்ஸ் என்று குளிருக்கு வரும் மரக்கறி வைத்திருந்தார். ஒருமுறை வெண்டி விதை போட்டுப் பார்த்தார். நாலு இலை விட்டு, குளிரில் மஞ்சளித்துச் செத்தது. அக்கா கொழுந்து பறித்த சம்பளத்தில்தான் நான் படித்தேன். கந்தோரில் எழுத்தர் வேலைக்கும் போனேன்.

வன்செயலுக்கு அஞ்சி அத்தானும் அக்காவும் மன்னார்ப் பக்கம் பாப்பாமோட்டைக்கு வந்தார்கள். முதல் வருடம் அக்கா மலையில் செய்ததுபோல மேட்டுப் பாத்தி கட்டினார். அங்கே மழைத் தண்ணீர் நின்றால் வேர் அழுகும் என்பதால் மேடு வேண்டும். இங்கே மேடு காய்ந்து, உச்சியில் உப்புப் பூத்து, செடி கருகியது. அடுத்த வருடம் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பள்ளப் பாத்திக்கு மாறினார். வெயில் அக்காவுக்குப் பிடிக்கவில்லை, வெண்டிக்குப் பிடித்தது. ஒன்றரை மாதத்தில் பூத்தது.

போரில் எல்லாம் போயிற்று. இடம்பெயர்ந்த வழியில் அத்தான் காய்ச்சலில் காலமானார். முகாமிலிருந்து அக்காவும் மகளும் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைக் காடுதான் இருந்தது. எல்லைக் கட்டைகளும் இல்லை. கீழ்க் காணிக்காரர் சிவராசா முதல் வாரமே சண்டைக்கு வந்தார்.

“மாமி, வேலி என்ர பக்கம் வந்திட்டுது. மலைநாட்டில இருந்து வந்தவைக்கு எங்கட எல்லை எங்க தெரியப்போகுது?”

“நீ பிறக்க முதல் நான் இங்க வந்தவ. போ, போய்ச் சோத்தத் தின்னு!” என்றார் அக்கா.

இதை மகள் சொல்லிக் கேட்டபிறகு எனக்கு நித்திரை இல்லை. தகரக் கொட்டிலில் இரண்டு பெண்கள், பக்கத்தில் பகை. நிவாரண அரிசியும் நிற்கப்போகிறது. அவர்களை அழைத்துப்போகவே வந்தேன்.

“அக்கா, வாங்க, போயிருவோம். மலையில நம்ம வீட்டுல ரெண்டு அறை சும்மா கெடக்கு.”

“வெண்டி போட்டிருக்கேன், தம்பி. விட்டுட்டு வாறதா?”

“அப்ப ஒரு பேச்சு. வெண்டி காய்ச்சா இருங்க. காய்க்காட்டி தையில என்கூட வரணும்.”

“ஓம்,” என்றார். அந்த ‘ஓம்’ மன்னார்ப் பேச்சு; எங்கள் தோட்டத்தில் ‘ஆமா’ என்போம். எனக்கு அதுவே உறுத்தியது.

நான் அங்கேயே தங்கிச் செடிகளை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. மொட்டு வைத்த வாரத்தில் மாரி கொட்டத் தொடங்கியது. பள்ளப் பாத்திகள் குளமாயின. வெண்டி தண்ணீருக்குள் ஒரு பகல் நின்றால் தப்பாது. கீழ் வரம்பை வெட்டினால் தண்ணீர் ஓடிவிடும், ஆனால் அது சிவராசாவின் மிளகாய் நாற்றுக்குள் ஓடும். அவர் வீட்டில் ஆள் இல்லை.

நான் மண்வெட்டியை எடுத்தேன். அக்கா வரம்பின்மேல் ஏறி நின்றுகொண்டார்.

“கேக்காம அடுத்தவன் காணிக்குத் தண்ணி விடக்கூடாது. இங்க அப்படித்தான்.”

“சண்டைக்காரன்கிட்ட என்னத்தக் கேக்கிறது? ஆளும் இல்லையே!”

“வரட்டும், கேப்பேன். அதுவரைக்கும் வாளி இருக்கு. இறை.”

அக்காவும் மகளும் நானும் தண்ணீரை மொண்டு மேல்பக்க வீதியோர வாய்க்காலில் ஊற்றினோம். இறைத்ததைவிட விழுந்ததுதான் கூட. மதியம் சிவராசா சைக்கிளில் வீடு திரும்பி வந்து, கரையில் நின்று பார்த்தார்.

“என்ன மாமி, விசரே? வரம்பை வெட்டினால் ஓடிப்போயிடுமே.”

“வெட்டினா உன் நாத்து போயிடும். வெட்டவா, வேணாமா? நீ சொல்லு.”

அவர் மழைக்குள் போய், தன் கொட்டிலில் இருந்து இரண்டு தகரங்களைக் கழற்றி வந்து, நாற்றுமேடையின் மேல்பக்கம் தடுப்பாக நட்டு, பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் கீறினார். பிறகு எங்கள் வரம்பைத் தானே வெட்டினார்.

“எல்லைக் கதை வேற, மாமி. அதை நான் விடமாட்டன்.”

“நானும் விடமாட்டேன்,” என்றார் அக்கா.

முப்பத்தொரு செடிகள் தப்பின. அத்தானுடையதில் மிஞ்சியிருந்த ஒரு நீண்ட கைச் சட்டையை, சுணை கடிக்காமல் இருக்க, மாட்டிக்கொண்டு அக்கா முதல் காய்களைப் பறித்தார். நுனியை ஒடித்துப் பார்த்தார். டக்கென்று ஒடிந்தது. பத்தொன்பது காய்.

“இது ஒரு விளைச்சலா, அக்கா?” என்றேன்.

“காய்ச்சா இருங்கன்னுதானே சொன்னே? எத்தனைன்னு சொல்லலையே. எண்ணுறவன் அதையும் சொல்லியிருக்கணும்.”

துண்டு துண்டாக வெட்டி, வழுவழுப்புப் போக எண்ணெயில் வதக்கி, பச்சை மிளகாயும் தேங்காய்ப் பாலும் விட்டு இறக்கினார். சிவராசா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. நான் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டுத் தனியாக பஸ் ஏறினேன்.

அதன்பின் அக்கா நோயில் விழும்வரை அந்தக் காணியில் வெண்டி இல்லாத வருடமில்லை. கடைசி நாட்களில் மகள் கையால்தான் சாப்பிட்டார். இறந்த செய்தி வந்ததும் நான் வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். அம்மா அப்பா அடங்கிய மண்ணுக்கே அவரைக் கொண்டுபோக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் தீர்மானித்திருந்தேன். முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த சிவராசா, “என்னத்துக்கு ஐயா வான்?” என்று கேட்டார். சொன்னேன். கயிற்றைக் கீழே போட்டார்.

“உயிரோட இருக்கேக்க மாமி உங்களோட வரேல்லை. இப்ப அவவைக் கேக்காமல் கொண்டு போறியளோ?”

வானைத் திருப்பி அனுப்பினேன்.

மருந்துக்கு ஓடியவர்கள், பாடை சுமந்தவர்கள், சமைத்துப் போட்டவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா சம்மதித்திராத ஒரு பயணத்தை மறித்து நின்ற சிவராசாவுக்கு என் முதல் நன்றி. எல்லைக் கதையை அவரும் அக்காவின் மகளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.