காலி இடம் என்று எழுதிய தெரு

அடிக்கல் நாட்டு விழா அன்று விடிகாலையில், கல்லை ஏற்றிய டிராக்டரோடு நெசவாளர் தெருவுக்குள் திரும்பிய எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவையே காணோம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடுப்பு உயரத்துக்கு நூல் விரிந்து கிடந்தது. இரு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று கஞ்சி தோய்த்த பிரஷ்ஷால் அதை நீவிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் நாங்கள் ஊன்றிய பந்தல்கால்களைப் பிடுங்கி, ஒரு சுவரோரமாக ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் ஓர் ஆபீஸில் நான் டிரேசர். ஆபீஸின் பெயர் வேண்டாம். இன்ஜினியர் பென்சிலில் போடும் டிராயிங்கை டிரேசிங் துணியில் மையால் இழுத்து, அம்மோனியா பிரிண்ட் எடுப்பது என் வேலை. இன்று கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் கோடு அழிந்துவிடுகிறது. நாங்கள் பிளேடால் சுரண்ட வேண்டும். அதனாலேயே போட்ட கோட்டை மாற்ற லேசில் மனம் வராது.

ஊருக்கு ஒரு கலையரங்கம் கட்டத் திட்டம் வந்திருந்தது. எங்கள் இன்ஜினியர் திருச்சிக்காரர். முன்கோபி, ஆனால் வேலையில் ஆசை உள்ளவர். ஜனங்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று வார்டு வார்டாகக் கூட்டம் போட்டார். வில்லுப்பாட்டுக்காரர்கள், கரகாட்டக்காரர்கள் என்று பலரும் வந்தார்கள். அதிகமாகப் பேசியது நெசவாளர் தெரு நாடகக் குழுதான். அதில் ராஜா வேஷம் கட்டும் ஆறுமுகம் அண்ணாச்சி கூரை போட்ட மேடை ஒன்று கேட்டார். மழை வந்தால் முகத்துச் சாயம் கரைந்து ராஜா யார், மந்திரி யார் என்றே தெரியவில்லை என்றார். கூட்டமே சிரித்தது. பண்ணிவிடலாம் என்றார் இன்ஜினியர்.

என்ன வேண்டும் என்று எல்லோரையும் கேட்டோம். எங்கே வேண்டும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. அது டெக்னிக்கல் விஷயம், ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டோம்.

ஊரைச் சுற்றிப் பார்த்ததில் அகலமாக, நேராக, ஒரு வண்டிகூட நிற்காமல் பளிச்சென்று இருந்தது நெசவாளர் தெரு ஒன்றுதான். டேப் பிடித்து அளந்தபோது, ரோடு போட வந்திருக்கிறோம் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்களாம். ஊர் டிராயிங்கில் அதையும், அதைவிடச் சின்னதான வேறு சில இடங்களையும் 'காலி இடம்' என்று மையால் எழுதினேன். இன்ஜினியர் ராஜபாளையத்தில் குடியிருந்தார். நான் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். மற்றவர்களும் அப்படித்தான். காலை பத்து மணிக்கு முன்னால் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அன்று விழாவுக்கு மாவட்டத்திலிருந்து பெரிய ஆபீஸர் வந்துகொண்டிருந்தார். இன்ஜினியருக்கு முகம் சிவந்துவிட்டது. "நடுத்தெருவுல யாரைக் கேட்டு இதைக் கட்டினீங்க? முதல்ல சுருட்டுங்க" என்றார்.

கோமதி என்ற அக்கா பிரஷ்ஷை நிறுத்தாமலே பதில் சொன்னார். "இது பாவு சார்வாள், தறியில ஏத்துத நூலு. தெனமும் விடியுமுன்ன இங்கனதான் போடுதோம். கஞ்சி காயுததுக்குள்ள சுருட்டினா நூலு பூரா ஒட்டிக்கிடும். இத்தன வீட்டுப் பொழப்பும் இதுலதான் கெடக்கு."

இவர்களிடம் பேசிப் பயனில்லை, ஆறுமுகத்தைக் கூட்டி வா, அவருக்காகத்தானே இவ்வளவும் என்று இன்ஜினியர் என்னைப் பார்த்துக் கத்தினார். பாவுக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த ஒருவர் நிமிர்ந்தார்.

"நான் இங்கனதான் சார் நிக்கேன்."

கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக வந்தவர், தலையில் துண்டும் முழங்கை வரை கஞ்சியுமாக நின்றார். அப்புறம்தான் மற்ற முகங்களைப் பார்த்தேன். மந்திரி, ராணி வேஷக்காரர், ஆர்மோனியக்காரர் என்று மொத்த நாடகக் குழுவும் கையில் பிரஷ்ஷோடு அங்கேதான் இருந்தது.

"மேடை கேட்டது நாந்தான், இல்லேங்கல" என்றார் ஆறுமுகம். "அத இங்கன கட்டினா பாவ எங்கன போடுவோம்? பாவு இல்லன்னா தறி நிக்கும். தறி நின்னா நாங்க ஊர விட்டுல்லா போவணும். பெறவு ஒங்க மேடையில யாரு சார் நடிப்பா?"

இன்ஜினியர் டிராக்டரைத் திருப்பச் சொன்னார். தெருமுனையில் வந்து நின்ற ஆபீஸரின் காரை நோக்கித் தனியாகப் போனார். என்ன திட்டு வாங்கினாரோ, திரும்பி வந்து, இன்று விழா இல்லை என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் என்னை முதல் பஸ்ஸில் வரச் சொன்னார். டிராயிங்கில் காலி இடம் என்று எழுதிய மற்ற இடங்களுக்கு விடிகாலையில் போனோம். ஒன்றில் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆடுகள் கிடை போட்டிருந்தன. இன்னொன்றில் கரிவலம்வந்தநல்லூர்க் காய்கறி மூட்டைகள் இறங்கி ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. மற்றொன்றில் பால்காரர்களின் சைக்கிள்கள் நிறைந்து காலை வைக்க இடமில்லை. பத்து மணிக்குள் எல்லாம் துடைத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். அழகாக எழுதியிருக்கிறேன் என்று நான் பெருமைப்பட்ட எழுத்தில் ஒன்றுகூட உண்மையில்லை.

அடுத்த கூட்டத்தை இன்ஜினியர் நெசவாளர் தெருவிலேயே வைத்தார். எங்கே கட்டலாம், நீங்களே சொல்லுங்கள் என்றார். ஆறுமுகம்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"ஒரு இடம் இருக்கு. சொன்னா சார்வாளுக்குக் கோவம் வரக் கூடாது. ஒங்க ஆபீஸ் வாசல்தான். சாயங்காலம் ஆனதும் பூட்டிட்டு பஸ்ஸுக்கு ஓடிருதீய. மறுநா நீங்க வார வரைக்கும் அங்கன காக்காதான் ஒக்காந்திருக்கு."

ஆபீஸ் காம்பவுண்டுக்குள் நாடகமா? இன்ஜினியர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் உட்கார்ந்தபடியே ஆறுமுகத்தைப் பார்த்தார்.

"கோவம் வரல அண்ணாச்சி. வெக்கமா இருக்கு" என்றார்.

மேலிடத்தில் பர்மிஷன் வாங்க அவர் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தகரக் கூரையோடு மேடை எழும்பியது. முதல் நாடகத்தன்று நான் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. தினமும் டிபன்பாக்ஸோடு கடந்து போகும் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. பாதி நாடகத்தில் மழை பிடித்தது. ஜனங்கள் எங்கள் ஆபீஸ் வராந்தாவில் ஏறி நின்று பார்த்தார்கள். ராஜா கடைசி வரை ராஜாவாகவே இருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஓர் இடத்தைக் காலி என்று எழுதுவதற்கு முன்னால், நீங்கள் வழக்கமாக வீட்டில் இருக்கிற நேரத்தில் ஒரு தடவை அங்கே போய்ப் பாருங்கள்.