மாமி தேடிய குரல்

எங்கள் மாதா கோயில் லொத்தரில் முதற்பரிசு விழுந்ததும் அப்பாவின் முகம் செத்துப்போனது. இரண்டாம் பரிசு சுவரை மறைக்கிற மாதிரி ஒரு டீவி. மூன்றாம் பரிசு கல்யாண வீட்டுக்கே சோறு காணக்கூடிய பெரிய ரைஸ் குக்கர். முதற்பரிசோ, ஸ்கொட்லாந்தின் வடமேற்குத் தீவுகளை ஒரு சின்னக் கப்பலில் நாலு பேர் சுற்றிப் பார்த்து வருவது. பூசைக்கு வருகிற ஒரு வெள்ளைக்காரப் புண்ணியவான் அன்பளிப்பாகக் கொடுத்தது. குளிருக்குள் கடலில் கிடந்து குருவி பார்ப்பதற்காக லண்டன் மோர்டனில் எந்தத் தமிழனும் லொத்தர் ரிக்கற் வாங்கியிருக்கமாட்டான். டீவி விழுந்த குடும்பத்திடம் மாற்றிக்கொள்வோமா என்று அப்பா போய்க் கேட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே டீவியை வான் வண்டியில் ஏற்றினார்கள்.

அப்பாவுக்குக் கடல் ஆகாது. கோடையில் நாங்கள் சவுத்தெண்ட் கடற்கரைக்குப் போனால், எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார அவர் மட்டும் கார்களைப் பார்த்து உட்கார்ந்து பற்றீஸ் சாப்பிடுவார். போகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது மாமி. அவர் அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் வீட்டு மேலறையில் இருந்தார். பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்தார். எதற்கும் அடம்பிடிக்காத மனுசி அன்று அடம்பிடித்ததில் அம்மாவே வாயடைத்துப் போனார்.

எனக்கு அப்போது பத்து வயது. மிருகங்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்கு உச்சியில் இருந்த வயது. மாமியும் நானும் டீவியில் பறவை, திமிங்கிலம் என்று ஒரு நிகழ்ச்சி விடாமல் பார்ப்போம். ஆனால் மாமி கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். காசு கட்டி டீவி வைத்துவிட்டு ரேடியோ கேட்கிறாரே என்று நான் பகிடி பண்ணுவேன். நிகழ்ச்சி முடிய, 'இதிலையும் இல்லை' என்று சொல்லிக்கொண்டு எழுந்து போவார்.

அவர் தேடியது எது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குப் 'பறவைக் கதை' என்று பெயர். சண்டைக்காலத்தில் அப்பாவும் மாமியும் மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகில் ஓடியவர்கள். அப்பாவுக்குப் பத்தொன்பது வயது, மாமிக்கு எட்டு. ஊரே அப்படித்தான் படகு படகாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் புறப்பட்டதற்கு முதல்நாள் படகில் அப்பாவோடு படித்த பெடியன்கள் குடும்பங்களோடு போயிருந்தார்கள். இரண்டு கரைக்கும் நடுவில், தண்ணீரோ நிழலோ இல்லாத மணல் திட்டுகள் உண்டு. சில படகோட்டிகள், இதுதான் இந்தியா என்று சொல்லி ஆட்களை அந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்களாம். அப்பாவின் படகு இருட்டில் ஒரு திட்டைத் தாண்டும்போது அழுகைச் சத்தம் கேட்டது. ஆட்களா என்று மாமி கேட்டார். பறவைகள் என்றான் படகோட்டி. அப்பாவும் பறவைகள் என்று சொல்லி, மாமியின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். படகு நிற்கவில்லை. முதல்நாள் போனவர்களை அக்கரை முகாமில் காணவில்லை. வேறு முகாமுக்குப் போயிருப்பார்கள் என்று அப்பா சொன்னார்.

கதை அவ்வளவுதான். அன்றிலிருந்து மாமி அந்தப் பறவையைத் தேடினார். எங்காவது புதிதாக ஒன்று கத்தினால், 'அண்ணை, அண்டைக்குக் கேட்டது இதுவோ?' என்று கேட்பார். அப்பாவும் சலிக்காமல் 'ஓம், இதுவாத்தான் இருக்கும்' என்பார். மாமி தலையை ஆட்டிவிடுவார். ஒரு பறவையாவது அப்படி அழுவதைக் கேட்டுவிட்டால் தனக்கு நித்திரை வரும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நித்திரைக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

கப்பல் என்று பெயர்தானே தவிர, எங்கள் கோயில் மண்டபத்தில் பாதிகூட வராது. எங்களைத் தவிர ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், கழுத்தில் பைனாகுலரோடு. அம்மா மாசிச் சம்பல் போத்தலும் செபமாலையும் கொண்டுவந்திருந்தார். கப்பல் ஆடத் தொடங்கியதும் சம்பலை மறந்து செபமாலையைப் பிடித்துக்கொண்டு கீழே படுத்துவிட்டார். கரை முழுக்க மரமில்லாத மலைகள். வீடு இல்லை, விளக்கு இல்லை. இருந்த ஓரிரண்டு வீடுகளுக்கும் கூரை இல்லை. ஆட்கள் எல்லோரும் எங்கே போனார்கள் என்று மாமி வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டார். அந்தக் காலத்து நிலக்காரர்கள் அவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். மாமி அதற்குப் பிறகு அந்த வீடுகளைப் பார்க்கவில்லை.

அந்தக் கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கப்டன் எஞ்சினை நிறுத்துவார். வழிகாட்டிப் பெண் உதட்டில் விரலை வைப்பாள். எல்லோரும் மேல்தட்டில் பேசாமல் நின்று காது கொடுக்க வேண்டும். கண்ணுக்குப் படாத பிராணிகள் காதுக்குப் படும் என்பது அவர்கள் கணக்கு. முதல் இரண்டு நாளும் அந்த நேரம் பார்த்து அப்பா, அம்மாவைக் கவனிக்க வேண்டும் என்று கீழே இறங்கிவிட்டார். மூன்றாம் நாள் அம்மாவே, நீங்கள் பக்கத்தில் நின்றால் எனக்கு இன்னும் தலை சுற்றுது என்று அவரைத் துரத்திவிட்டார்.

அன்று கடுமையான மூடுபனி. கப்பலின் முனைகூடத் தெரியவில்லை. எஞ்சின் நின்றதும், தண்ணீர் கப்பலில் தட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு அது கேட்டது.

முதலில் ஒரு குரல். மெல்ல எழும்பி, நீண்டு, உடைந்து கீழே விழுந்தது. அது முடிய முன்னரே இன்னொன்று. பிறகு பல. செத்தவீட்டில் பிரேதம் எடுக்கும்போது பொம்பிளைகள் அழுவார்களே, அச்சொட்டாக அப்படி. நடுவில் குழந்தையின் சிணுங்கல் போல ஒன்று. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. பனியே அழுகிற மாதிரி இருந்தது. நான் பயந்துபோனேன். வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகை எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மாமி கண்ணைத் திறந்தார்.

"அண்ணை, ஆக்கள் கிடக்கினம்."

"ஆக்கள் இல்லை. சும்மா இரு."

"இதுதான் அண்ணை. இதே சத்தந்தான்."

வழிகாட்டிப் பெண் கிட்ட வந்து, அவை சீல் என்கிற கடல்நாய்கள், தண்ணீர் வற்றும்போது ஒரு பாறையில் ஏறிக் கிடந்து இப்படித்தான் பாடும் என்று மெதுவாக விளக்கினாள். மாமி அவளை முழுசிப் பார்த்தார். அன்றைக்கும் இப்படித்தான் ஒருத்தன் சொன்னான், இன்றைக்குப் போய்ப் பார்க்காமல் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன் என்றார். சொல்லிவிட்டு ரப்பர்ப் படகு தொங்கிய சங்கிலியைப் போய்ப் பிடித்துக்கொண்டார். பிடி தளரவில்லை.

கப்டன் பேச்சுக் குறைந்த ஒரு தாடிக்காரர். அவர் வாதாடவில்லை. கடலில் ஆள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று படகை இறக்கச் சொன்னார். என்னவாம் என்று அப்பா என்னைக் கேட்டார். கவுன்சிலில் வேலை செய்கிற அப்பாவுக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ் தெரியும். இருந்தும் நான் கப்டன் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். நான் மாமியோடு படகில் குதித்துவிட்டபடியால் அவரும் வேறு வழியில்லாமல் இறங்கினார்.

கப்பல் எங்களுக்குப் பின்னால் உடனே மறைந்துவிட்டது. வழிகாட்டிப் பெண் துடுப்புப் போட்டாள். கிட்டப் போகப் போக அழுகை பெரிதானது. அப்பா என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இழுத்து, இரண்டு கையாலும் என் காதுகளைப் பொத்தினார். நான் கேட்கத்தானே வந்தேன் என்று தலையை உதறி விடுவித்துக்கொண்டேன். அவருடைய கைகள் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தன.

பாறை திடீரென்று முன்னால் வந்து நின்றது. அதன்மேல் ஆட்கள் கிடந்தார்கள். சத்தியமாக எனக்கு முதலில் அப்படித்தான் தெரிந்தது: போர்வையால் மூடி, வரிசையாக, சிலர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து. தண்ணீரில் கறுத்த உருண்டைத் தலைகள் கழுத்தளவில் நின்று எங்களையே பார்த்தன. படகு திரும்பிய பக்கமெல்லாம் அவையும் திரும்பின. மாமியின் நகங்கள் என் தோளில் இறங்கின.

அப்போது கிட்டக் கிடந்த ஒன்று தலையை உயர்த்தி, மீசை முகத்தைக் காட்டி, வாயைத் திறந்து அழுதது. வாய் திறந்ததையும் குரல் வந்ததையும் மாமி ஒன்றாகக் கண்டார். நம்பவில்லை. இன்னொன்று திறக்கும்வரை பார்த்திருந்தார். பிறகு இன்னொன்று. பிறகு படகின் அடியில் பொத்தென்று உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகக் குலுங்கத் தொடங்கினார். யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகு ஒருவர் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

"அண்ணை, பறவையள் இல்லை. இப்பிடி ஏதோ மிருகம். எங்கடை கடலிலை கடல்பன்றி இருக்குத்தானே? அதுகள்தான் கத்தியிருக்கும், என்ன?"

கடல்பன்றி, கடலடியில் புல் மேய்கிற பெரிய சாதுவான பிராணி. அது இப்படி அழாது, மணலில் ஏறிக் கிடக்கவும் கிடக்காது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஓம்," என்றார் அப்பா. பிறகு பாறையைப் பார்த்து, "கடல்பன்றிதான்," என்றார்.

கப்பலுக்குத் திரும்பியதும் மாமி இரண்டு தரம் சூப் வாங்கிக் குடித்தார். கப்டனுக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். கீழே போய் அம்மாவின் பக்கத்தில் படுத்தவர், வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். மாமி குறட்டை விடுவார் என்று எங்கள் வீட்டில் அன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவைக் காணவில்லை என்று மேலே ஏறினேன். எஞ்சின் இன்னும் தொடங்கவில்லை. பனிக்குள் அந்த அழுகை விடாமல் கேட்டது. கடலுக்கு முதுகு காட்டி உட்காருகிற அப்பா, கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கம் பார்த்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். இனி எனக்குப் பயமில்லை. அவை என்னவென்று கண்டுவிட்டேனே.

"இதுகள் ஒண்டும் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடேல்லை," என்றார் அப்பா. என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

அப்பா பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

"சீலுக்கு எப்பிடி அப்பா உங்கடை பேர் தெரியும்?"

"ஓம் பிள்ளை," என்றார். "அதுகளுக்குத் தெரியாதுதான்."

பெரிய மனிதர் ஒருவருக்கு விஞ்ஞானம் விளங்கப்படுத்திவிட்ட பெருமையோடு, நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு, சூப் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கக் கீழே இறங்கிப் போனேன்.