பெட்டிக்குள் பூட்டிய அடையாள அட்டைகள்

என் கணவர் தூரப் பயணத்துக்கான பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். முன்னால் காற்றை மறைக்கும் கண்ணாடி, பின்னால் தனித் திறப்பால் பூட்டித் திறக்கும் பெட்டி. குழந்தையை அயல்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, குண்டசாலையிலிருந்து கண்டிக்கு அதில் முதன்முதலாகப் புறப்பட்டோம். பயந்து ஏறிய எனக்குக் கதிரையில் சாய்ந்து இருப்பதுபோல் சுகமாக இருந்தது.

சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்டார்கள்.

“பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டினனான்” என்றேன்.

“திறப்பு எங்க?” என்றார் கணவர்.

“துலைஞ்சிடுமெண்டு அலுமாரிக்குள்ள வைச்சிட்டன்.”

“நல்ல காவல்தான்.”

இந்தப் போர்க்காலத்தில் அட்டையில்லாத தமிழர் இருவர், திறக்க முடியாத பெட்டி. அவரை மறித்து வைத்துக்கொண்டு, திறப்பை எடுத்துவர என்னை விட்டார்கள். முச்சக்கர வண்டியில் போய்வரும்வரை, அவரைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று சாரதியை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன்.

திரும்பியபோது பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்து கியரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து அட்டைகளைக் காட்டியதும் சிரித்தபடி இறங்கினார்.

“இன்னும் பிந்தியிருந்தீரெண்டால் வண்டியைக் கேட்டிருப்பார்” என்றார் கணவர்.

இப்போது அவரவர் அட்டை அவரவர் கையில். பெட்டிக்குள் குடைகள் மட்டுமே. நான் கைப்பையை இரண்டு தரம் தொட்டுப் பார்த்து “ஓம், அட்டை இருக்கு” என்ற பிறகுதான் எங்கள் வண்டி உறுமும்.